தனுஷ்கோடி தேவாலயத்தின் திருமணப் பதிவு எங்கே கிடைக்கும்?

கேள்வி – பேத்தி_பாம்பன்
என் தாத்தாவும் பாட்டியும் 1950களில் தனுஷ்கோடி தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டவர்கள். தாத்தாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. இன்று கூரையில்லாமல் நிற்கும் சுவர்களுக்கு முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே திருப்பலி நடந்தது, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? திருமணப் பதிவும் புயலில் போய்விட்டதா?

பதில் – தீவுக்காரன்
கட்டடம் பவளப் பாறையும் சுண்ணாம்புச் சாந்தும். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு செழித்த ஊர் அது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பயணிகள் ரயிலே கடலோடு போனது. பிறகு அரசு அந்த ஊரைக் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டது. அங்கிருந்த ஏடு தப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

பதில் – பழைய_உபதேசியார்
மனம் தளராதீர்கள், அம்மா. அன்று நடைமுறையில் இருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, பங்குத்தந்தை ஆண்டு முடிவில் பதிவேடுகளின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். இராமேசுவரம் தீவு இன்று அடங்கியிருக்கும் சிவகங்கை மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதி, 1987இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதனால் முதலில் மதுரைப் பேராயர் இல்லத்துக்கு எழுதுங்கள். சிற்றூர்க் கோயில்கள் பல, பக்கத்துப் பெரிய கோயிலின் பங்குத்தந்தை கவனித்துக்கொண்ட கிளைப்பங்குகளாகவே இருந்தன; அப்படியானால் ஏடு அந்தப் பெரிய கோயிலான தாய்ப்பங்கில் இருந்திருக்கும். பாம்பன், இராமேசுவரம் பங்குகளிலும் கேளுங்கள்.

இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. பாட்டி ஞானஸ்நானம் பெற்ற ஊர் எது? திருமணம் எங்கே நடந்தாலும் அந்த ஊர் ஞானஸ்நான ஏட்டில், அவர் பெயருக்கு அருகே ஓரத்தில், குறித்துவைப்பது விதி. தாத்தாவின் ஊரிலும் அப்படியே. இப்படிப்பட்ட ஏடுகளோடுதான் என் உத்தியோகக் காலம் கழிந்தது. கரையான் தின்ற பக்கத்திலும் அந்த ஓரக்குறிப்பு மட்டும் பிழைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம். அந்தோணி என்று தேடினால் கிடைக்காது, அந்தோனியுஸ் என்று பாருங்கள்.

பேத்தி_பாம்பன்
பாட்டி பிறந்தது தங்கச்சிமடம், ஐயா! அங்கே என்ன விவரம் கேட்பார்கள்?

பழைய_உபதேசியார்
பாட்டியின் பெயர், அவருடைய பெற்றோர் பெயர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு. ஞாயிறு வேண்டாம், வார நாளில் போங்கள். ஏட்டைப் பொறுமையாகப் புரட்ட நேரம் கிடைக்கும்.