சிவாவா நாய்க்குட்டிக்கு இரத்தச் சர்க்கரை குறைந்தது: மீண்டும் நேராமல் காப்பது எப்படி?

கேள்வி (அல்சூர், பெங்களூரு)

ஒன்பது வாரமான, 700 கிராம் எடையுள்ள சிவாவா குட்டி வீட்டுக்கு வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. நேற்று அதிகாலை அது நிற்க முடியாமல் தள்ளாடியது, உடல் சில்லிட்டிருந்தது. இரத்தச் சர்க்கரை குறைந்துவிட்டதாகக் கூறிய மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றியபின் தேறியது. இரவு எட்டு மணிக்குப் பிறகு நாங்கள் உணவு வைப்பதில்லை. அதுதான் தவறா?

மறுமொழி 1 (மல்லேஸ்வரம்)

பெரும்பாலும் அதுவே காரணம். இவ்வளவு சிறிய குட்டியின் ஈரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தசையும் கொழுப்பும் குறைவாக இருப்பதால் கைகொடுக்க வேறு சேமிப்பும் இல்லை, மூளைக்கோ ஓயாமல் குளுக்கோஸ் வேண்டும். நான்கு மாதம் ஆகும்வரை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஊட்டுங்கள். நீங்கள் படுக்கப்போகும் முன் ஒரு வேளையும், விடிந்ததும் ஒரு வேளையும் தவறக் கூடாது. நம் வீடுகளில் வழக்கமான பால்சோறு வேண்டாம். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும், அதுவே சர்க்கரையைக் குறைக்கும். குட்டிகளுக்கான உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் கொடுங்கள். மார்கழிக் குளிரில் வெறும் கிரானைட் தரையில் படுக்க விடாதீர்கள். உடலைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே அது சர்க்கரையைச் செலவிட நேரும்.

மறுமொழி 2 (ஜெயநகர்)

எங்கள் பொமரேனியன் குட்டிக்கும் இது நேர்ந்தது. முதலில் விளையாட்டை விட்டு ஒதுங்கிப் படுத்தது. தூக்கக் கலக்கம் என்று எண்ணி அரை மணி நேரத்தை இழந்தோம், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பிறகு நடுக்கம், வெறித்த பார்வை, வெளிறிய ஈறு, இறுதியில் வலிப்பு. தள்ளாட்டம் கண்டதுமே தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பின்போது பற்களுக்கிடையே விரலை விடாதீர்கள். துண்டில் சுற்றிக் கதகதப்பாக வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். தேனின் பலன் சிறிது நேரமே நிற்கும் என்பதால், விழித்து விழுங்கும் நிலை வந்ததும் உணவு கொடுக்க வேண்டும். சர்க்கரையில்லா இனிப்புப் பண்டங்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் நாய்களின் இன்சுலினைத் திடீரென உயர்த்தி உயிருக்கே உலை வைக்கும். அவற்றை அருகிலும் கொண்டுசெல்லாதீர்கள்.

மறுமொழி 3 (அல்சூர், கேட்டவர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்றிரவு பதினொரு மணிக்கு உணவு வைக்கிறோம். தேன் பாட்டில் குட்டியின் படுக்கைக்கு அருகிலேயே இருக்கும். குடற்புழு இருந்தாலும் இப்படி நேரலாம் என்பதால் நாளை மலப் பரிசோதனைக்கும் கொடுக்கிறோம்.