140 மீட்டர் தள்ளியிருக்கும் குடோனுக்கு நெட்: கேட்-6, ஃபைபர், வயர்லெஸ், எது சரி?

குடோன்_வலை:
அலுவலகத்திலிருந்து குடோன் 140 மீட்டர். வெளிப்புற கேட்-6 (செம்பு நெட்வொர்க்) கேபிளை ஒரே நீளமாக இழுத்தாயிற்று. இரண்டு பக்கமும் ஜிகாபிட் ஸ்விட்ச்தான், ஆனால் லிங்க் 100 எம்பிபிஎஸ்தான் காட்டுகிறது. மதிய வெயிலில் அதுவும் விட்டுவிட்டு வருகிறது. அங்கே 4 ஐபி கேமரா, ஒரு பில்லிங் கணினி. இடையில் மூன்று தென்னை. எதை மாற்றுவது?

செம்பு_ஜோடி:
செம்பு கேபிளுக்கு எல்லை 100 மீட்டர்: நிலையாகப் போடும் கம்பி 90, இருமுனை பேட்ச் கார்டுகளுக்கு 10. ஜிகாபிட்டுக்கு 4 ஜோடியும் நன்றாக இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 2 ஜோடி போதும், அதனால் அதில் தட்டுத்தடுமாறி நிற்கிறது. வெயிலில் விட்டுவிட்டு வருவதற்கும் காரணம் உண்டு: 20 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிக்னல் இழப்பு சுமார் 0.4% கூடும்.

கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். இரண்டு முனையையும் ஸ்விட்சிலிருந்து கழற்றி, அந்தப் பக்கம் ஒரு ஜோடியை ஷார்ட் செய்து, இந்தப் பக்கம் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 23 கேஜ் (கம்பித் தடிமன்) செம்புக்கு 19–20 ஓம் வரும். 30ஐ நெருங்கினால் அலுமினியம்தான், சந்தேகமே வேண்டாம்.

இழை_ஒளி:
இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பே வேண்டாம் என்பேன். இரண்டின் எர்த்தும் ஒன்றல்ல. பக்கத்தில் இடி விழுந்தால் இரு முனை ஸ்விட்சும் போய்விடும். 6 கோர் (ஆறு இழை) சிங்கிள்மோட் ஃபைபர், அதாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள், எடுங்கள். இரும்புக் கவசம் உள்ளது வேண்டாம். உலோகமே இல்லாத கேபிளை எச்டிபிஇ (பிளாஸ்டிக்) குழாய்க்குள் விடுங்கள். இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப் போல் 20 மடங்குக்குக் குறையக் கூடாது.

ஒற்றை இழை மீடியா கன்வர்ட்டர் (ஒளியை மின் சிக்னலாகவும் மின் சிக்னலை ஒளியாகவும் மாற்றும் பெட்டி) என்றால் ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பும், மறுமுனை 1550இல். ஒரே மாதிரி இரண்டை வாங்கினால் லிங்க் வராது. நீல நிற கனெக்டர் முனையில் பச்சை முனையைச் செருகாதீர்கள், பச்சையின் முகம் சாய்வாக வெட்டியிருப்பதால் ஒளி சரியாகப் போகாது. ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு), கனெக்டர் எல்லாம் சேர்த்து இழப்பு 2 டெசிபெலைத் தாண்டினால், முதலில் முனையைத் துடையுங்கள், அப்புறம் மடிப்பைத் தேடுங்கள்.

அலைவரிசை_58:
குழி தோண்ட முடியாவிட்டால் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் பிரிட்ஜ் (இரு கட்டடத்தையும் இணைக்கும் வயர்லெஸ் ஜோடி). இந்த அலைவரிசைக்கு இந்தியாவில் 2018 முதல் தனி உரிமம் தேவையில்லை. 5.8 கிகாஹெர்ட்ஸில், 140 மீட்டருக்கு நடுப்பகுதியில் ஃப்ரெனல் மண்டலத்தின் (இரு ஆன்டெனாவுக்கும் இடையே சிக்னல் பரவிச் செல்லும் பகுதி) ஆரம் ஏறக்குறைய 1.35 மீட்டர். அதில் 60 சதவீதமாவது மறைப்பின்றி இருக்க வேண்டும். இந்தத் தூரத்தில் மழை ஒரு பொருட்டில்லை, நனைந்த தென்னையோலைதான் சிக்கல். காற்றில் அது ஆட ஆட சிக்னலும் ஆடும். ஆகவே ஆன்டெனாவை மர உச்சிக்கு மேல் தூக்க வேண்டும், அந்த உயரம் இடிக்குத் தோது. மாடியிலிருந்து இறங்கும் கேபிளுக்கு சர்ஜ் புரொடக்டரும் எர்த்தும் கட்டாயம்.

குடோன்_வலை:
ஃபைபர்தான் போடப்போகிறேன். ஆனால் கேமராவுக்கு மின்சாரம் அதில் வராதே?

இழை_ஒளி:
வராது. குடோனிலேயே ஒரு பிஓஇ ஸ்விட்ச் (நெட் கேபிளிலேயே மின்சாரமும் தருவது), கன்வர்ட்டரோடு சேர்த்து ஒரு யுபிஎஸ்ஸில் வையுங்கள். போர்ட்டுக்கு 15.4 வாட் வீதம் 4 கேமராவுக்கு 62 வாட் போதும். பழைய கேட்-6 அசல் செம்பு என்றால் வெட்டிக் கேமராக்களுக்கே பயன்படுத்தலாம். ‘பேக்கப்’ என்று இரு முனையிலும் செருகியே விட்டுவிடாதீர்கள்: நெட்வொர்க்கில் லூப் உண்டாகும் (தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்டை முடக்கும்), இடிக்கும் பழைய வழி திறந்தே இருக்கும்.