ஊற்றுவாயிலா, கழிகட்டியா?

வணக்கம் ஐயா,

நாமே பூட்டும் ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) பொம்மைத் துண்டுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் கட்டிக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன 'ஊற்றுவாயில்' இலக்கணப்படி குறையில்லாத சொல். ஆனால் அது வார்ப்பவர் பார்வையில் பிறந்த சொல். பெட்டியைத் திறக்கும் பையனுக்கு அங்கே வாயில் எதுவும் தெரியாது, ஒரு கட்டிதான் தெரியும். அதை வெட்டலாமா கூடாதா என்பதுதான் அவன் கவலை.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலை நாலைந்து பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பொம்மை பூட்டுவார்கள். 1/35 அளவு, அதாவது ஒண்ணேமுக்கால் மீட்டர் ஆள் ஐந்து சென்டிமீட்டரில். போன மாதம் ஒருவன் பாதத்துக் கட்டியை அறுக்கும்போது பக்கத்தில் இருந்த சிறு முளையையும் சேர்த்து அறுத்துவிட்டான். பீடத்துக் குழியில் இறங்க வேண்டிய முளை அது. பிளாஸ்டிக் பசையை வைத்துப் பார்த்தான், பிடிக்கவில்லை. அந்தப் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும், ரெசினிடம் அதன் வேலை நடக்காது. கடைசியில் பாதத்தில் துளை போட்டு, பித்தளைக் கம்பி செருகி, சூப்பர் குளூ விட்டோம். தப்பு என்னுடையதுதான். நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் இரண்டையுமே 'நீட்சி' என்று எழுதியிருந்தேன்.

முளைக்குப் புதுச்சொல் தேவையில்லை. பழைய கதவுக்குக் குடுமி உண்டு, குழியில் உட்கார்ந்து சுழலும். 'குடுமி' என்றே வைத்துக்கொள்ளலாம்.

கட்டிதான் சிக்கல். சிலிகோன் அச்சில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுகிறார்கள். காற்றுக் குமிழிகள் மேலேறி ஊற்றிய இடத்தில் தங்கும், இறுகும்போது சுருங்குவதற்கு ஈடாக அங்கிருந்தே ரெசின் கொஞ்சம் உள்ளே இறங்கும். அங்கே மிஞ்சி இறுகுவதுதான் கட்டி. முகத்தில் ஓட்டை விழுவதைவிடக் கட்டியில் விழட்டும் என்பது கணக்கு. வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அதை வைப்பார்கள்: உள்ளங்கால், கழுத்தின் அடி. குடுமி இருப்பதும் அங்கேயேதான்!

பக்கத்து வீட்டு அத்தை பல வருடம் தோட்டத்தில் ரப்பர் மரப் பால் வெட்டியவர். இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. கட்டியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, "ஒட்டுப்பாலு மாதிரில்ல இருக்கு" என்றார். வெட்டிய கோட்டில் வழிந்து காய்ந்து நிற்கும் பாலை உரித்துப் போட்டுவிட்டுத்தானே அடுத்த கோடு போடுவார்கள். எனக்கு உடனே 'ஒட்டு' என்று வைக்க ஆசை. ஆனால் பசை டியூபைக் கையில் வைத்திருக்கும் பையனிடம் "ஒட்டு" என்றால் அவன் ஒட்டிவிடுவான். போயிற்று.

அக்கா ஒருவர் 'கொடி' என்றார்கள். பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டிகளில் துண்டுகள் இலைபோலத் தொங்கும் சட்டத்துக்கு அது அழகாகப் பொருந்தும், அதற்கே விட்டுவைப்போம். 'தொப்புள்' என்பதையும் யோசித்தேன். அறுத்தபின் எஞ்சுவதுதான் தொப்புள், அறுபடும் பொருளுக்கு அந்தப் பெயர் வைத்தால் தலைகீழாகிவிடும். அறுத்த இடத்தில் நிற்கும் தழும்புக்கு வைக்கலாம். உடம்புச் சொல்லாச்சே என்று தயங்க வேண்டாம், ஊசிக்குக் காதும் சீப்புக்குப் பல்லும் வைத்தவர்கள் நாம்.

கட்டிக்கு என் பரிந்துரை 'கழிகட்டி'. கழிநீர் போல வினைத்தொகை. கழிந்த, கழிகின்ற, கழியும் கட்டி என்று முக்காலமும் அடங்கும். துண்டில் ஒட்டியிருந்தாலும் குப்பைக்கூடையில் கிடந்தாலும் பெயர் மாறாது. அப்புறம், வெட்டு என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

குறிப்பைத் திருத்தி எழுதிப் பார்த்தேன்:

"துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவு, அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழவழப்பு போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. குடுமி எது, கழிகட்டி எது என்று படத்தோடு ஒப்பிட்டுப் பென்சிலால் குறி. கழிகட்டியை ஒட்ட அறுக்காதே, ஒரு மில்லிமீட்டர் விட்டு அறு. மீதித் தொப்புளை ஈர மணல்தாளில் தேய். தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவரி போடு, துணி போதாது."

சனிக்கிழமை வாசித்துக் காட்டினேன். முளையை அறுத்தவனே கேட்டான்: "கழிகட்டியிலயே குடுமி முளைச்சிருந்தா?" ஒரு பெட்டியில் அப்படித்தான் வந்திருக்கிறது. படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.