ஃபாலோ இதயக் குறை: முதலில் ஷண்ட்டா, நேராக முழு அறுவையா?

வணக்கம். என் தம்பி மகளுக்கு நான்கு மாதம். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று எக்கோவில் உறுதியாகிவிட்டது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல். வீறிட்டு அழுதால் உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். உடனே முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொள்வோம், மெல்ல நிறம் திரும்பும். அதுவரை எங்கள் உயிர் எங்களிடம் இருக்காது.

டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். முதலில் ஷண்ட், அதாவது ரத்தம் போக ஒரு மாற்றுவழி இணைப்பு வைத்து நுரையீரலுக்கு ரத்தத்தைக் கூட்டிவிட்டு, எடை ஏறியதும் முழு அறுவை. இல்லையென்றால் நேராகவே ஓட்டையைப் பேட்ச் வைத்து அடைத்து, குறுகலை அகலப்படுத்துவது. ஷண்ட் 1944 முதலும் முழு அறுவை 1954 முதலும் செய்யப்படுகின்றன, இரண்டுமே கைகண்ட முறைகள்தான். நுரையீரல் தமனியின் கிளைகள் சிறுத்திருப்பதால்தான் யோசிக்கிறார்கள். முடிவை அவர்களிடமே விட்டுவிட்டோம்.

எங்களுக்கு வேண்டியது இதைத் தாண்டி வந்த பெற்றோரின் அனுபவம். ஷண்ட்டோடு இருந்த மாதங்களில் சளி, வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்தீர்கள்? அறுவைக்குப் பிறகு, வெட்டிய நெஞ்செலும்பு கூடும்வரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாதாமே, பால் கொடுக்கவும் துடைத்துவிடவும் எப்படித் தூக்கினீர்கள்? அப்புறம், சில பிள்ளைகளுக்குப் பின்னாளில் நுரையீரல் வால்வு கசிந்து மாற்ற வேண்டிவரும் என்கிறார்கள். வளர்ந்த பிள்ளை உள்ளவர்கள் அதைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள், தம்பி மனைவி அதை நினைத்துத்தான் தூங்காமல் இருக்கிறாள்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம். தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.