பழைய மொனோபொலித் தொகுதி: விடுபட்ட அட்டைகளும் பிரிந்த பலகையும்

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் வசிக்கும் நான் பழைய பலகை விளையாட்டுகளைச் சேகரித்து வருகிறேன். இடப்பெயர்வுகளில் வீட்டுச் சாமான்களே மிஞ்சாத வன்னியில் இவை கிடைப்பது அரிது. அண்மையில் வவுனியாவிலுள்ள உறவினர் ஒருவர், வாடிங்டன்ஸ் நிறுவனம் வெளியிட்ட, லண்டன் தெருப்பெயர்கள் கொண்ட மொனோபொலித் தொகுதியொன்றைத் தந்தார். மரத்தாலான 32 பச்சை வீடுகளும் 12 சிவப்பு ஹோட்டல்களும் அப்படியே இருக்க, இடங்களின் உரிமையைக் காட்டும் 28 உடைமைப் பத்திர அட்டைகளில் மேஃபெயார் என்ற இடத்துக்குரியது உட்படச் சில இல்லை. பலகையின் நடுமடிப்புத் துணி பிரிந்து, ஓரத்தைக் கறையான் அரித்திருக்கிறது.

இதே பதிப்பின் குறைத்தொகுதி எவரிடமேனும் இருந்தால், பத்திரங்களை விலைக்கோ மாற்றாகவோ தர இயலுமா? மடிப்பை ஒட்டக் கஞ்சிப்பசை ஏற்றதா, மாரிகாலத்தில் அது பூச்சியை வரவழைக்குமா என்பதையும் அனுபவமுள்ளோர் தெரிவிக்கவும். செலோடேப் மஞ்சளித்து அச்சையே பெயர்த்துவிடும் என்பதால் அதில் எனக்கு உடன்பாடில்லை.