ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் மசாலா பாக்கெட்டும் ஒன்றுதானா?

மார்த்தாண்டத்து மருமகள்:
மகன் நான்காம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் மசாலா தூவிய நொறுக்குத்தீனி பாக்கெட்தான் வேண்டும் அவனுக்கு. நான் தடுத்தால், "நீ வாங்குற ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் என்னவாம், அதுவும் எண்ணெயில பொரிச்சதுதானே" என்று மாமியார் மடக்குகிறார். அல்ட்ரா பிராசஸ்டு என்று எல்லோரும் சொல்கிறார்களே, எதெல்லாம் அதில் வரும்? கருவாடு, புட்டுப்பொடி, பாலில் கலக்கும் பவுடர் எல்லாமா?

தக்கலை பலசரக்கு:
தங்கச்சி, இந்தப் பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கிறவன் நான். விற்கிறவன் சொன்னால் நம்புவீர்கள்தானே?

பிரேசிலில் கார்லோஸ் மோன்டெய்ரோ என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் 2009 வாக்கில் உணவை வகை பிரித்தார். நோவா என்று பெயர், இப்போது மொத்தம் நான்கு வகை. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), மீன், அரிசி, பால் முதல் வகை. வெறும் அரிசியை இடித்து வறுத்த புட்டுப்பொடி பாக்கெட்டில் வந்தாலும் இதில்தான். எண்ணெய், உப்பு, சர்க்கரை இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் பக்குவம் செய்தது மூன்றாவது. நெத்திலிக் கருவாடு இங்கே வரும். நாகர்கோவில் வடசேரியில் நம் கண்முன்னே சீவி, தேங்காய் எண்ணெயில் பொரித்து, உப்புத் தண்ணீர் தெளித்துத் தரும் ஏத்தங்காய் சிப்ஸும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான்.

நான்காவதுதான் அல்ட்ரா பிராசஸ்டு, அதாவது வீட்டு அடுக்களையில் இல்லாத சேர்மானங்களைப் போட்டு ஆலையில் செய்வது. உங்கள் பையன் கேட்கும் குச்சிக் குச்சியான சாமானைத் திருப்பிப் பாருங்கள். அரிசி மாவு, சோள மாவு, பாமாயில், அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் தூள், ருசியைத் தூக்கிக் காட்டும் 627, 631. மாவைச் சூட்டோடு அழுத்தி மெஷின் துளை வழியாகத் தள்ளினால் பொரி மாதிரி உப்பி வரும். அதன்மேல் மசாலாவைத் தூவுவார்கள். வாயில் போட்டதும் கரைந்துவிடும், மெல்ல வேலையில்லை. கை அடுத்ததற்குப் போய்விடும்.

2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஒரே இடத்தில் தங்க வைத்துச் சோதித்தது. இரண்டு வாரம் இந்த வகைச் சாப்பாடு, இரண்டு வாரம் சாதாரணச் சாப்பாடு. தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் வகை சாப்பிட்ட நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. வேகவேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

குளச்சல் காற்று:
அண்ணாச்சி, 20 பேர், ஒரு மாதம், அவ்வளவுதானே? நீண்டகால ஆய்வுகளில் சர்க்கரை நோய், இதய நோயோடு தொடர்பு தெரிகிறது, சரி. ஆனால் அது தொடர்புதான். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கடை ரொட்டியும் அந்த நான்காவதில்தான் பெரும்பாலும் வருகிறது. காலை ஆறரைக்கு பஸ் பிடிக்கிறவள் நான், எனக்கு ரொட்டிதான். கோலாவையும் கோதுமை ரொட்டியையும் ஒரே கூடையில் போட்டால் எப்படி?

தக்கலை பலசரக்கு:
நியாயம்தான், ரொட்டிக்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். உங்கள் மாமியார் சொல்வதிலும் பாதி சரி தங்கச்சி. எந்த வகை ஆனாலும் பொரித்தால் எண்ணெய் எண்ணெய்தான், உப்பு உப்புதான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்று அதை நினைத்தால் சோறு இறங்காது. ஆனால் ஏத்தங்காய் சிப்ஸ் கிலோ விலைக்கு வருகிறது, தினமும் யார் வாங்குகிறார்கள்? மசாலா பாக்கெட் ஐந்து ரூபாய். பையன்கள் சில்லறையோடு வருவது அதற்குத்தான்.

மார்த்தாண்டத்து மருமகள்:
அப்போ அந்தப் பவுடர்?

தக்கலை பலசரக்கு:
டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள். பின்னால் உள்ள பட்டியலில் எடை அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு மூன்று பெயருக்குள் சர்க்கரை இருந்தால் அது சர்க்கரைப் பவுடர்தான், வேண்டாம். பல தானிய பிஸ்கட்டுக்கும் அதே வழி. மைதா எத்தனையாவது என்று பாருங்கள். சாயங்காலத்துக்கு மட்டி வாழைப்பழம் இரண்டு கொடுங்கள். பசி தீராவிட்டால் அவித்த சிறுபயறில் கொஞ்சம் தேங்காய்ப்பூ, கருப்பட்டி.