நான்காவது தெரு வாட்ஸ்அப் குழு: மாடிச் சோலாருக்குத் தெருவாகச் சேர்ந்து விலை பேசுவது பற்றி

கோமதி (8ஆம் எண்), காலை 6:52
அனைவருக்கும் வணக்கம். சென்ற கூட்டத்தில் பேசியபடி, மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைப்பதற்கு மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கினேன். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒப்பிடவே முடியவில்லை. ஒன்றில் பேனல் எந்த நிறுவனத்துடையது என்றே இல்லை. இன்னொன்றில் பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றி ‘ஸ்டாண்டர்ட்’ என்ற ஒரே சொல். மூன்றாவதில் மத்திய அரசின் மானியத்தை முன்கூட்டியே கழித்து விலையைக் குறைவாகத் தோன்றச் செய்திருக்கிறார்கள். ஆகவே, நமக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் நாமே ஒரு தாளில் எழுதி, அதற்கு மட்டும் விலை கேட்போம் என்று முன்மொழிகிறேன்.

ரமேஷ் (15ஆம் எண்), காலை 7:10
நல்லது அம்மா. ஆனால் எத்தனை வீடுகள் சேருகின்றன என்று தெரிந்தால்தானே அவர்கள் விலையில் இறங்கி வருவார்கள்? இருபது வீடுகள் என்று சொல்லிவிட்டால் பேரம் எளிதாகும்.

ஷாகுல் (3ஆம் எண்), காலை 7:24
இந்த முறை புதிதன்று. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2009இல் ஒரு பகுதியின் குடியிருப்பாளர்கள் சேர்ந்து, நிறுவனங்களிடம் போட்டி விலை கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து வீடுகளில் சோலார் போட்டார்கள். ஆறே மாதங்களில் 300க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். ஆனால் அந்தக் காலத்துக்குள் பேனல் ஏறியது 130 வீடுகளில்தான். பதிவு செய்கிறவர்கள் எல்லோரும் கடைசிவரை வருவதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இருபது என்று வாக்குக் கொடுத்துவிட்டு எட்டு வீடுகளோடு நின்றால், பேசிய விலை நிற்காது.

கோமதி (8ஆம் எண்), காலை 7:41
சரியாகச் சொன்னீர்கள். எண்ணிக்கைக்காக யாரையும் இழுத்துச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீட்டுக்கு இப்போதைய கட்டணப்படி ஏறத்தாழ 6,000 ரூபாய் வருகிறது, ஏனென்றால் 500ஐத் தாண்டியவுடன் யூனிட் விலை படிப்படியாக ஏறுகிறது. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்குமேல் கொடுத்து, அந்த விலை உயர்ந்த யூனிட்டுகளைத்தான் முதலில் குறைக்கும். 350 யூனிட் ஓடும் வீட்டுக்கோ, இலவச யூனிட்டுகள் போக, இப்போதே ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. அவர்களை 3 கிலோவாட் போடச் சொன்னால், போட்ட பணம் திரும்பிவர வெகுகாலம் ஆகும். எனவே ஒவ்வொருவரும் கடந்த ஆறு பில்களின் யூனிட் கணக்கை எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம்.

ரமேஷ் (15ஆம் எண்), காலை 7:55
எங்கள் வீட்டில் 1,100. ஏசி மூன்று. எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. 😀

சரஸ்வதி (11ஆம் எண்), காலை 8:20
கோமதி, எனக்கு ஒரு சந்தேகம். கூட்டாக வாங்கினால் மானியமும் கூட்டாக வருமா? எங்கள் வீட்டு மின் இணைப்பு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

கோமதி (8ஆம் எண்), காலை 8:33
இல்லை மாமி. விலை பேசுவது மட்டும்தான் கூட்டு. விண்ணப்பமும் மானியமும் நெட் மீட்டரும் (மின்வாரியத்திடம் நாம் வாங்குவதையும் அதற்கு நாம் கொடுப்பதையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டர்) அவரவர் இணைப்பு எண்ணுக்கு உரியவை. பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் தேசிய இணையதளத்தில் நாம் தனித்தனியே பதிய வேண்டும். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000. அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் உயராது. வேலை முடிந்து, ஆய்வு நடந்த பிறகுதான் பணம் நம் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். அதுவரை முழு விலையையும் நாமே கையில் வைத்திருக்க வேண்டும், அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும். மானியம் உங்கள் கணக்குக்கு வர வேண்டுமென்றால் இணைப்பும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் பெயர் மாற்றத்தை முதலில் தொடங்குங்கள். வாரிசுச் சான்றிதழும் சொத்து வரி ரசீதும் எடுத்து வையுங்கள், நான் உடன் வருகிறேன்.

ஷாகுல் (3ஆம் எண்), காலை 8:47
ஒன்று சேர்க்கிறேன். மானியம் வேண்டுமென்றால் பேனல் இந்தியாவிலேயே செய்த செல்களைக் கொண்டதாகவும், போடுகிற நிறுவனம் அந்த இணையதளத்தில் பதிவு பெற்றதாகவும் இருக்க வேண்டும். விலை மிகவும் குறைத்துச் சொல்பவர் இந்த இரண்டில் ஒன்றை விட்டிருப்பார்.

ரமேஷ் (15ஆம் எண்), காலை 9:02
கரண்ட் போனாலும் சோலாரில் மின்விசிறி ஓடும் அல்லவா? டிசம்பர் புயலை நினைத்துத்தான் நான் இதில் இறங்குகிறேன்.

ஷாகுல் (3ஆம் எண்), காலை 9:09
ஓடாது தம்பி. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவிதான் சோலார் இன்வெர்ட்டர். மின்வாரியத்தின் இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கும் ஊழியருக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டுமென்றால் செலவு கணிசமாகக் கூடும். அதைத் தனி விலையாகக் கேட்டு வாங்கலாம்.

ரமேஷ் (15ஆம் எண்), காலை 9:11
இதை எந்தக் கொட்டேஷனிலும் எழுதவில்லையே!

கோமதி (8ஆம் எண்), காலை 9:30
புயல் என்றதும் பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைக் கேட்டால் இந்தத் தெருவில் பேனலைவிட அதுதான் முக்கியம். கடல் இங்கிருந்து நடக்கும் தூரம். என் மாடியில் துணிக்கொடி கட்டியிருக்கும் கொக்கியை நேற்று விரலால் தொட்டுப் பார்த்தேன், துரு செதில் செதிலாக உதிர்ந்தது. போன வருடம்தான் மாற்றியது. பெயிண்ட் மட்டும் அடித்த இரும்புச் சட்டத்தை இங்கே நிறுத்தினால், பேனல் இருபத்தைந்து ஆண்டு உழைத்தாலும் அதைத் தாங்கும் கால் உழைக்காது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த சட்டம், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டு, 2016 வர்தா புயலைப் போன்ற காற்றைத் தாங்கும் வேக அளவு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். தனியாகப் போகிறவர் இதைக் கேட்டால் ‘பார்த்துக்கொள்ளலாம் மேடம்’ என்பார்கள். பத்து வீடுகள் சேர்ந்து கேட்டால் எழுதித் தருவார்கள். கூட்டாகப் போவதில் நான் எதிர்பார்க்கும் லாபம் இதுதான். விலையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ குறைந்தால் சந்தோஷம்.

பிரபா (கடல்காற்று அடுக்ககம், செயலாளர்), காலை 10:05
எங்கள் அடுக்ககத்தில் மாடி எல்லோருக்கும் பொது. நாங்கள் சேர முடியுமா?

ஷாகுல் (3ஆம் எண்), காலை 10:18
சேரலாம். லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகள் இருக்கும் பொது இணைப்புக்குச் சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள்; நடுவில் ஒருவர் ‘என் பங்கு மாடி’ என்று வந்து நின்றால் வேலை அப்படியே நின்றுவிடும்.

பிரபா (கடல்காற்று அடுக்ககம், செயலாளர்), காலை 10:21
அப்படி ஒருவர் இருக்கிறார். 🙏

ரமேஷ் (15ஆம் எண்), காலை 10:40
பணம் எப்படிக் கொடுப்பது? முன்பணமாகப் பாதி கேட்கிறார்கள்.

கோமதி (8ஆம் எண்), காலை 10:52
பாதி கொடுப்பதற்கில்லை. சிறு முன்பணம், பேனலும் இன்வெர்ட்டரும் வீட்டுக்கு வந்து வரிசை எண்களைச் சரிபார்த்த பின் பெரும்பகுதி, நெட் மீட்டர் பொருத்திய பிறகு கடைசி பத்து விழுக்காடு என்று மூன்று தவணையாகக் கேட்போம். ஒவ்வொருவரும் நிறுவனத்துக்கு நேராகக் கொடுத்து, அவரவர் பெயரில் ரசீது வாங்க வேண்டும். என் கணக்குக்கு யாரும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் முதல் 5 விழுக்காடுதான்; பழைய 12 விழுக்காட்டைப் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

சரஸ்வதி (11ஆம் எண்), காலை 11:15
எங்கள் தென்னை மரத்தின் நிழல் மதியத்துக்குமேல் மாடியில் விழுகிறது. அதை வெட்டச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

கோமதி (8ஆம் எண்), காலை 11:22
மரத்தை வெட்ட வேண்டாம் மாமி. ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு ஷாகுல் பாயும் நானும் ஒவ்வொரு மாடியாக ஏறி, நிழல் விழாத இடத்தை அளந்து எழுதப்போகிறோம். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி தேவை. உங்கள் மாடிக்கு மட்டும் மாலை 4 மணிக்கு இன்னொரு முறை வருகிறோம். இரண்டு கிலோவாட்டுக்குத்தான் இடம் இருந்தால் இரண்டே போதும்.

ரமேஷ் (15ஆம் எண்), காலை 11:30
16ஆம் எண் வீட்டு மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது. அவர்கள் பெங்களூரில் இருந்தாலும் சேர விருப்பம் என்று சொன்னார்கள். பில் விவரங்களை உங்களுக்கு நேராக அனுப்பச் சொல்லிவிட்டேன்.